உயர நிர்ணயக் குழு

ஒரு மனிதன் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதைக் கையைத் தூக்கி ஓட்டெடுத்து முடிவு செய்த நாள், மனித குல வரலாற்றில் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பொன்னாளில் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்திருந்தவன் அடியேன். மறுமுனையைச் சலூன்காரரின் மனைவி பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"விடுங்க சார் நாடாவை! என் வீட்டுக்காரர் உயரம் எனக்குத் தெரியாதா? பக்கத்துல நின்னா என் உச்சந்தலை அவர் மூக்குக்கு வரும். அதுக்கு நாடா எதுக்கு?"

"மூக்கெல்லாம் ஒரு அளவு இல்லீங்கம்மா," என்றார் கணக்கு அதிகாரி. "இழுக்காதீங்க, நிறுவனச் சொத்து."

நடுவில் சக்கர நாற்காலியில் சலூன்காரர். தன் உயரம் தன் தலைக்கு மேலே இழுபடுவதை இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் நிறுவனத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேள்விப்படவில்லை என்றால் அது மக்கள் தொடர்பு அதிகாரியாகிய என் தோல்வி. செயற்கைக் கால் செய்கிறோம். ஏதோ கட்டையும் வாரும் என்று நினைத்துவிடாதீர்கள். கணுக்காலில் மூளை உள்ள கால்! மேடு வந்தால் தானே மடங்கும், பள்ளம் வந்தால் தானே எச்சரிக்கும், பாட்டரி தீர்ந்தால் தானே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றுவிடும். பெயர் 'நிமிர்–ஒன்று'.

இயக்குநரின் தாரக மந்திரம் ஒரே சொல்: தன்னிறைவு. திருகாணி முதல் தோல் உறை வரை எல்லாம் எங்கள் வளாகத்துக்குள்ளேயே தயாராக வேண்டும். வெளியிலிருந்து வாங்கியது, காலை அளவெடுக்கும் ஸ்கேனரின் மென்பொருள் ஒன்றுதான். அதிலும் பிழைச் செய்திகளை நாங்களே எழுதிக்கொண்டோம்.

இயக்குநர் மிகப் பெரிய மனிதர். எவ்வளவு பெரியவர் என்பது அவர் உட்கார்ந்திருக்கும்போது நன்றாகத் தெரியும். ஏனென்றால் அவருடைய நாற்காலியைத் தச்சரை வரவழைத்து உயர்த்தி வைத்திருக்கிறோம். எந்த நேரமும் பளபளக்கும் கறுப்பு ஷூவில்தான் இருப்பார். ஊழியர் வீட்டு விசேஷங்களுக்கு வருவார். ஷூவைக் கழற்ற வேண்டிய இடம் வந்ததும் வாசலிலேயே நின்று வாழ்த்திவிட்டு, வாசலோடு திரும்பிவிடுவார். அவ்வளவு அடக்கம்.

சலூன்காரர் ஒரு சாலை விபத்தில் இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தவர். மோதிய வண்டியின் டிரைவரை அன்று மாலையே வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். நீதி அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. அதையும் முந்திக்கொண்டு ஓடியது எங்கள் இயக்குநரின் கருணை. சலூன்காரருக்கு ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிவதற்குள், "நிமிர்–ஒன்றின் முதல் பயனாளி இவர்தான்! பைசா வாங்கக் கூடாது!" என்று கட்டிலருகே நின்று அறிவித்துவிட்டார்.

சலூன்காரரின் மனைவி அன்றைக்கே கேட்டார். மருந்துக் கடையில் கல்லாவில் உட்கார்கிறவர். சில்லறைபோலவே வார்த்தையையும் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவார்.

"ஊர்ல எத்தனையோ பேருக்குக் கால் இல்ல. எங்க மேல மட்டும் என்ன சார் இவ்வளவு பாசம்?"

"மனிதாபிமானத்துக்கெல்லாம் காரணம் கேக்கக் கூடாதும்மா," என்றார் இயக்குநர்.

அப்படிப்பட்ட இடத்தில் நாடா எங்கே வந்தது, குழு எங்கே வந்தது என்று கேட்பீர்கள். எல்லாம் ஸ்கேனர் செய்த வேலை.

ஒரு காலை இழந்தவருக்குப் புதுக் கால் செய்வது சுலபம். மிச்சமிருக்கும் காலை ஸ்கேன் செய்து, கண்ணாடியில் தெரிவதுபோல இடத்தை வலமாகத் திருப்பினால் போதும். நீளம், பாதம், விரல் எல்லாம் வந்துவிடும். சலூன்காரரை ஸ்கேனர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். மன்னிக்கவும், உட்கார வைத்தோம்.

'நல்ல காலைத் தட்டின் மேல் வைக்கவும்' என்றது திரை.

"எந்தக் காலைங்க?" என்றார் சலூன்காரர்.

பொறியாளர்ப் பெண் பொத்தானைத் தட்டினாள். 'நல்ல கால் கிடைக்கவில்லை. பயனாளி ஒத்துழைக்க மறுக்கிறார்.'

"நான் எங்கம்மா மறுத்தேன்?"

"அது நாங்க எழுதி வெச்சது அண்ணே. மனசுல வெச்சுக்காதீங்க."

மென்பொருள் கம்பெனிக்குப் போன் போட்டோம். நாங்கள் வாங்கியது ஒரு காலை இழந்தவர்களுக்கான சாதா பதிப்பாம். இரண்டையும் இழப்பது 'பிரீமியம்' வசதியாம்.

அமைச்சர் அம்மா நிமிர்–ஒன்றின் அறிமுக விழாவுக்குத் தேதி கொடுத்தாகிவிட்டது. இயந்திரம் கைவிட்ட இடத்தில் மனிதன் நிமிர வேண்டாமா? உடனே பிறந்தது 'உயர நிர்ணயக் குழு'. தலைவர் இயக்குநர். உறுப்பினர்கள் கணக்கு அதிகாரி, பொறியாளர்ப் பெண், நான். சலூன்காரரும் மனைவியும் 'சிறப்பு அழைப்பாளர்கள்'. அதாவது, டீ உண்டு, ஓட்டு கிடையாது.

நாடாவை ஒருவழியாகச் சுருட்டி வைத்த பிறகு சலூன்காரர் பேசினார்.

"சார், நான் அழகுக்குக் கேக்கல. சலூன் நாற்காலி ஓரளவுக்குத்தான் கீழ இறங்கும். உக்காந்திருக்கிறவர் தாடை என் நெஞ்சுக்கு நேரா இருந்தாத்தான் கை நிக்கும். நான் குள்ளமாயிட்டா கையைத் தோளுக்கு மேல தூக்கித் தூக்கி வேலை பாக்கணும். கொஞ்ச நேரத்துலயே நடுங்க ஆரம்பிச்சிடும். கையில இருக்கிறது சீப்பு இல்ல சார், கத்தி. ஜன்னலோரத்து நாற்காலியை முதலாளி எனக்காக வெச்சிருக்காரு. ஏற்கெனவே ஒருத்தன் அதைப் பாத்துக்கிட்டே நிக்கிறான். என் பழைய உயரத்தைக் குடுத்திடுங்க, போதும்."

அறையில் நெகிழ்ச்சி நிலவியது. குறிப்பாக என்னிடம். 'கத்தி' என்ற இடத்தில் பத்திரிகைச் செய்திக்கு ஒரு நல்ல தலைப்புக் கிடைத்தது.

இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். "நான் படத்தைப் பத்தி யோசிக்கிறேன். விழாப் படம் எல்லாப் பத்திரிகையிலயும் வரும். நடுவுல அமைச்சர். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பயனாளி. படத்துக்கு ஒரு சமநிலை வேணாமா?"

"இவரு பழைய உயரத்துல நின்னா நீங்க இவர் தோளுக்குத்தான் சார் வருவீங்க," என்றாள் பொறியாளர்ப் பெண். வேலைக்குப் புதிது.

"அதைத்தாம்மா நானும் 'சமநிலை'ன்னு சொன்னேன்."

கணக்கு அதிகாரி கையைத் தூக்கினார். "சார், பாதுகாப்புக் கோணத்துல பாத்தா, உயரம் குறைஞ்சா விழுற தூரமும் குறையும்!"

இந்த அறிவியல் வெளிச்சத்தில் ஒரு கணம் எல்லோரும் கண் கூசி உட்கார்ந்திருந்தோம்.

"துணி எடுக்கிற கடையில கூட 'யாருக்கும்மா, அவரைக் கூட்டியாங்க'ன்னு கேப்பான்," என்றார் மனைவி. "எங்க வீட்டுக்காரர் உயரத்துக்கு நீங்க ஓட்டுப் போடுறீங்களா? நாளைக்கு என் மூக்குக்கும் ஒரு குழு போடுவீங்களா?"

"அம்மா, அது வேற துறை," என்றேன்.

அப்போதுதான் இயக்குநர் எழுந்து நின்றார். நாற்காலியிலிருந்து எழுந்தபோது அவர் உயரம் சற்றுக் குறைந்தது. ஆனால் புகழ் உயர்ந்தது.

"யாரும் சண்டை போட வேணாம். ஸ்கேனருக்கு ஒரு நல்ல கால்தானே வேணும்? என் காலை எடுத்துக்குங்க. நீளம், பாதம், விரல், எல்லாம் அப்படியே. நான் நடக்கிற கால்லயே என் பயனாளியும் நடக்கட்டும்!"

கைதட்டினோம். தட்டிக்கொண்டிருந்த கைகளை அப்படியே தூக்கச் சொன்னார், ஓட்டெடுப்பும் முடிந்தது. பொறியாளர்ப் பெண் பாதிதான் தூக்கினாள். முழுதாகக் கணக்கில் எடுத்துக்கொண்டோம்.

ஸ்கேன் எடுக்கும்போது சுற்றித் திரை கட்டச் சொல்லிவிட்டார். உள்ளே அவரும் இயந்திரமும் மட்டும். பொத்தானைக்கூட அவரே அழுத்திக்கொண்டார். அவ்வளவு எளிமை.

கால்கள் தயாராயின. கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே சலூன்காரர் நின்றார், தடுமாறினார், மறுபடி நின்றார், வாரக்கணக்கில் பழகி நடந்தார். கால் என்னவோ அருமையான கால்தான். முதன்முதலாகக் கம்பியை விட்டு நின்ற அன்று மனைவி போய்ப் பக்கத்தில் நின்றார். இப்போது சலூன்காரரின் உச்சந்தலை மனைவியின் உச்சந்தலைக்குச் சற்றுக் கீழே நின்றது.

"என்னங்க... அண்ணாந்து பாக்குறீங்க."

"உன்னை அண்ணாந்து பாக்குறது எனக்கென்ன புதுசா?"

அந்த அம்மா சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் கண்ணைத் துடைத்தார். ஆனந்தக் கண்ணீர் என்று குறித்துக்கொண்டேன்.

விழா மலருக்காகச் சலூன்காரரைப் பேட்டி கண்டேன். படிக்கிறவர் கண் கலங்க வேண்டாமா? "விபத்து நடந்த அன்னிக்கு உங்களுக்கு என்னதான் ஞாபகம் இருக்கு?" என்று உருக்கமாகக் கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு சார். வண்டிக்கு அடியில கெடக்கேன். கண்ணு இருட்டிட்டு வருது. அப்ப என் மூஞ்சிக்கு நேரா..."

"யோவ் பி.ஆர்.ஓ.!" இயக்குநர் கதவருகே நின்றிருந்தார். "பழசையெல்லாம் கிளறக் கூடாதுய்யா, மனசு பாதிக்கும். எதிர்காலத்தைப் பத்திக் கேளு."

எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டேன்.

"எதிர்காலத்துல எனக்கு ஒரு நாற்காலி வேணும் சார்," என்றார் சலூன்காரர். "இந்தக் காலோட நின்னு கத்தி பிடிச்சா கை ஆடுது. வீட்டுல பூசணிக்காய்ல நுரை போட்டுப் பழகிப் பாத்தேன். மூணு பூசணிக்காய்க்கு ரத்தக்காயம்."

விழா நிகழ்ச்சியில் பொன்னாடையும் பேச்சுமாக இருந்தால் டிவிக்காரர்கள் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். எனவே ஒரு புதுமை: மேடையிலேயே நேரடிச் சவரம்! சலூன் முதலாளியையும் முன்வரிசைக்கு அழைத்திருந்தோம். அவர் ஒளிவு மறைவில்லாத மனிதர். "கை நின்னா நாற்காலி உன்னுது. ஆடினா, தப்பா நெனச்சுக்காதே, கழுத்து என் வாடிக்கையாளருது," என்று சலூன்காரரிடம் சொல்லியே உட்கார்ந்தார்.

தாடை யாருடையது? அமைச்சரிடம் கேட்க முடியாது. முதலில் அவர் பெண்மணி. கணக்கு அதிகாரிக்கு அன்று பார்த்துக் காய்ச்சல்.

"நானே உக்கார்றேன்," என்றார் இயக்குநர். "டிவியில நல்லா இருக்கும்."

கத்தி தாடியை வழிக்கும் அந்த 'சரக் சரக்' ஓசை அரங்கின் கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டும் என்று, இயக்குநரின் காலரில் ஒரு சின்ன மைக்கை நானே என் கையால் குத்திவிட்டேன்.

சலூனிலிருந்து அந்த ஜன்னலோரத்து நாற்காலியையே லாரியில் கொண்டுவந்திருந்தோம். இயக்குநர் தலையைச் சாய்த்து, கால்களைத் தாங்கியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். சலூன்காரர் நடந்து வந்தார். கைதட்டல். நுரை போட்டார். கைதட்டல். கத்தியை எடுத்தார். டிவி கேமராக்கள் நெருங்கின.

கை தோளுக்கு மேலே போனது. கத்தி முனை மெல்ல ஆடியது.

முன்வரிசையில் முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மனைவி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"சார், நாற்காலியை இன்னும் கொஞ்சம் இறக்குறேன்," என்று சலூன்காரர் நெம்புகோலை அழுத்தக் குனிந்தார். நாற்காலி ஏற்கெனவே தரை தட்டி நின்றது. ஆனால் குனிந்தவர் நிமிரவில்லை. கால் தாங்கிக்கு நேரே அவர் முகம். இயக்குநரின் ஷூவை அடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு மெதுவாக நிமிர்ந்து, காதோரம் குனிந்து சொன்னார். ஓசை மைக்கில் பளிச்சென்று விழுந்தது.

"சார், உங்க ஷூவைக் கொஞ்சம் கழட்டித் தாங்க."

"ஷூவா? எதுக்குய்யா?"

"உயரம் பத்தல. ஸ்டூல் மேல இந்தக் கால் நிக்காது. இந்தப் பாதம் உங்க பாதம்தானே சார், கச்சிதமா சேரும்."

"அதெல்லாம் முடியாது. இப்படியே பண்ணு."

கத்தி தொண்டைக்கு வந்தது.

"யோவ், ஆடுதுய்யா!"

"ஆமா சார். குழு முடிவு."

அரங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இயக்குநர் கண்ணைத் திறந்து கத்தியைப் பார்த்தார், அமைச்சரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மைக்கைக் காட்டி ஜாடை செய்தேன். ஷூவைத்தான் கழற்றச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்போலும்.

கழற்றினார்.

மேலிருந்து பார்க்கச் சாதாரண ஷூதான். கீழே குதி மட்டுமல்ல, முழு அடியும் இரண்டு செங்கல் கனத்துக்கு உயர்த்தியிருந்தது. பாதத்தோடு சேர்த்து ஒரு மாடி. காலுறை மட்டும் மிஞ்சிய இயக்குநரின் கால்கள் தாங்கிக்கு எட்டாமல் அந்தரத்தில் ஆடின.

மனைவி யார் அனுமதியும் கேட்காமல் மேடையேறினார். குனிந்து தன் கையாலேயே ஷூவை மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டினார். அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது, அளவெடுத்ததுதானே! சலூன்காரர் நாற்காலியைப் பிடித்தபடி நிமிர்ந்தார். மனைவி பக்கத்தில் போய் நின்றார். அவர் உச்சந்தலை கணவரின் மூக்குக்கு வந்தது.

"அந்த நாடா இப்ப வேணுமா சார்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

சலூன்காரர் கத்தியை எடுத்தார். தாடை நெஞ்சுக்கு நேராக இருந்தது. கை நின்றது. சரக், சரக். அந்த ஓசைக்கு நடுவே, நாற்காலியில் உட்கார்ந்தவரோடு எல்லா முடிதிருத்துநரும் ஊர்க்கதை பேசுவதுபோலவே பேசினார்.

"அன்னிக்குப் பேட்டியில பாதியில விட்டுட்டேன் சார். வண்டிக்கு அடியில கெடந்தப்ப, டிரைவர் பக்கத்துக் கதவு திறந்துச்சு. என் மூஞ்சிக்கு நேரா ஒரு ஷூ இறங்குச்சு. ஒரு ஷூவுக்கு அடியில இன்னொரு ஷூ ஒட்டின மாதிரி. ஆஸ்பத்திரியில சொன்னேன், மயக்க மருந்து பண்ற வேலைன்னுட்டாங்க. வேலையை விட்டுத் தூக்கின அந்த டிரைவர், நம்ம கடைக்கு முடி வெட்டிக்க வர்றவர்தான். ரப்பர் செருப்பைத் தவிர எதையும் போட மாட்டார்."

இயக்குநர் நுரைக்குள்ளிருந்து கிசுகிசுத்தார். எங்கள் ஒலிபெருக்கிகள் தரமானவை. கிசுகிசுப்பு கிசுகிசுப்பாகவே கடைசி வரிசை வரை போனது.

"மெதுவாப் பேசுய்யா... போட்டோவுக்காகத்தான் டிரைவரை இறக்கிவிட்டுட்டு ஸ்டியரிங்ல உக்காந்தேன். பிரேக்குன்னு நெனச்சுத்தான்யா மிதிச்சேன். இந்த ஷூவைப் போட்டா கீழ என்ன இருக்குன்னு காலுக்கே தெரியாது. அதான் கால் குடுத்துட்டேன்ல? சொந்தக் கால்! இன்னும் என்னய்யா வேணும்?"

அமைச்சர் அம்மா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"கன்னத்தை உப்புங்க சார்," என்றார் சலூன்காரர்.

இயக்குநர் உப்பினார். மீசையோரம், மோவாய், கடைசியாகத் தொண்டை. ஒரு கீறல் இல்லை. ஈரத் துண்டால் துடைத்து, கத்தியை மடக்கி வைத்துவிட்டு முன்வரிசையைப் பார்த்தார்.

"முதலாளி, கையைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்ப்பா," என்று முதலாளி எழுந்தார். "காலையில நீயே வந்து கடையைத் திற. அந்த ஷூவோடயே வா."

சலூன்காரரும் மனைவியும் மேடையை விட்டு இறங்கி நடுப்பாதை வழியாக நடந்து போனார்கள். ஒவ்வொரு வரிசையும் திரும்பிப் பார்த்தது, முகத்தையல்ல, ஷூவை. வெறும் காலுறையோடு இயக்குநர் எழுந்து அமைச்சருக்குப் பக்கத்தில் நின்றார். படக்காரர்கள் அந்தச் சமநிலையைத் தவற விடவில்லை.

அமைச்சர் அம்மா என்னை அருகில் கூப்பிட்டார். "என்ன வண்டிய்யா அது? யாரோடது?"

பதில் சொல்வது என் கடமை. அது எங்கள் நிறுவனத்தின் 'நடமாடும் செயற்கைக் கால் ஊர்தி'. கால் இழந்தவர்களைத் தேடிப் போவதற்காகவே வாங்கியது. அந்த ஊர்தியின் திறப்பு விழா நாளில், எங்கள் வாசலை விட்டு வெளியே வந்தவுடனேயே, கடை திறக்க நடந்து போய்க்கொண்டிருந்த முதல் பயனாளியை அது கண்டுபிடித்துவிட்டது.

தன்னிறைவில் எங்களை மிஞ்ச உலகில் ஆள் கிடையாது. திருகாணி, தோல் உறை, கணுக்கால் மூளை, எல்லாமே எங்கள் சொந்தத் தயாரிப்பு. காலில்லாத பயனாளி உட்பட.